மலையகத் தவளைகளும் தேரைகளும்



'தவளை' என்னும் ஒரு சொல்லுக்குள்ளே நாம் எத்தனையோ உயிர்வகைகளை அடக்கிவிடுகின்றோம். பீலிக்கரையில் துள்ளுவதும் தவளை. தேயிலைச் செடியின் அடியில் பதுங்குவதும் தவளை. மழை பெய்த இரவில் லயத்து வாசலில் வந்து அமர்ந்திருப்பதும் தவளை. சொறி பிடித்தாற் போன்ற தோலுடைய ஒன்றைக் கண்டால் மட்டும் 'தேரை' என்கின்றோம். அதிலும் ஒருமைப்பாடு இல்லை. சில ஊர்களிலே சுவரேறும் மெல்லிய தவளைக்கே தேரை என்று பெயர். தேங்காயில் பருப்பில்லையென்றால் தேரை மோந்தது என்பர். குழந்தை மெலிந்தால் தேரை விழுந்தது என்பர். ஊட்டக் குறைவு செய்த பழியை ஊமைப் பிராணியொன்று சுமக்கின்றது. பெயரும் தெரியாமல், பண்பும் தெரியாமல் நாம் பழகும் இவ்வுயிர்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதற்கு நோர்வூட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், கெசல்கமுவ ஓயாவின் கரையில், காசல்ரீ நீர்த்தேக்கத்திற்கு அணித்தாக அமைந்த ஊர் அது. மேற்கே சிவனொளிபாதமலையின் காடு, சுற்றிலும் தேயிலை, இடையிடையே ஓடைகளும், கான்களும், வெட்டப்படாது எஞ்சிய காட்டுத் துண்டுகளும். இலங்கையில் ஏறத்தாழ 120 வகைத் தவளை தேரைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்களவு உலகில் வேறெங்கும் இல்லாதவை. அத்தகைய இனங்கள் செறிந்து வாழும் இடங்களுள் இம்மலைநாடு தலையாயது.

இனங்காண முற்படுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று: நிறத்தை நம்பலாகாது. ஒரே இனத்தில் ஒன்று பழுப்பாகவும், மற்றொன்று செம்மண் நிறமாகவும், பிறிதொன்று முதுகில் வெள்ளைக் கோட்டுடனும் இருத்தல் கூடும். பகலில் வெளிறியிருப்பது இரவில் கறுத்துத் தோன்றும். கால் விரல்களை எண்ணுவதாலும் பயனில்லை. முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து என்பது பொதுவிதி. நோக்க வேண்டியவை வேறு: தோல், கண்ணின் பின்புறம், விரல் நுனி, விரல்களிடையே உள்ள சவ்வு, மூக்கின் வடிவம். இவ்வைந்தையும் முறையாகப் பார்ப்பவர் பெரும்பாலும் உரிய குடும்பத்தைக் கண்டுகொள்வார்.

முதலில் தேரை. லயங்களின் அருகே விளக்கொளிக்கு வரும் பூச்சிகளைத் தின்ன வருகின்ற பொதுத் தேரையை எளிதில் அறியலாம். தோல் உலர்ந்து, பருக்கள் நிறைந்து, பருக்களின் நுனி கறுத்திருக்கும். தலையின் மேல் கண்களை ஒட்டிக் கரிய எலும்பு வரம்புகள் ஓடும். கண்ணுக்குப் பின்னே நீள்வட்டமாகத் தடித்த ஒரு சுரப்பி உண்டு. கடிக்கின்ற நாயின் வாயில் நுரை தள்ளச் செய்யும் பால் போன்ற நச்சு அதிலிருந்தே கசிகின்றது. தேரையைத் தொட்டால் கையில் பரு வரும் என்பது பொய். மனிதருக்குப் பரு வருவது வைரசுக் கிருமியால். எனினும் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தலாகாது. இதே குடும்பத்தில், மெலிந்த உடலும் ஒல்லியான கால்களும் கொண்ட சிறு தேரையொன்று காட்டோடைகளின் கரையில் வாழ்கின்றது. கெலாட் தேரை எனப்படும் அது இலங்கைக்கே உரியது. பொதுத் தேரையின் குஞ்சென்று மயங்குதல் கூடாது.

அடுத்து விரல் நுனியைப் பார்ப்போம். நுனி கூர்ந்து, வட்டத்தட்டு ஏதுமின்றி இருந்தால் அது நிலத்திலும் நீரிலும் வாழும் தவளையாகும். சதுப்பிலும் கான்களிலும் கிடைக்கும் கிரீன் தவளை இவ்வகையது. முதுகில் நீளவாக்கில் மடிப்புகள் இருக்கும். பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்து, பூச்சியியலில் பெயர்பெற்ற ஏர்னஸ்ட் கிரீன் என்பவரின் பெயரை அது தாங்கியுள்ளது. ஓடை நீருள்ளே கிடக்கும் மற்றொன்றின் முதுகிலோ மடிப்புகள் குறுக்குவாக்கில், துணியைச் சுருக்கினாற்போல் அமைந்திருக்கும். கீழ்த்தாடையில் பல் போன்ற இரு எலும்பு முனைகளும் உண்டு. சுருக்கத்தோல் தவளை என அதனைக் கூறலாம். நெடுக்கு மடிப்பா, குறுக்கு மடிப்பா என்ற ஒரு கேள்வியே இவ்விரண்டையும் பிரித்துவிடும். ஓடைக்கரையில், முதுகின் இருமருங்கும் வரம்பு கட்டியது போன்ற மடிப்பும், கண்ணுக்குப் பின்னே கருந்திட்டும் காணப்பட்டால் அது வெண்கல நிறத்துக் காட்டுத் தவளை.

விரல் நுனி வட்டத்தட்டாக அகன்றிருந்தால் அது ஏறும் தவளை. இவற்றிலும் இரு கூட்டம் உண்டு. பெரிய மரத்தவளைகள் நீருக்கு மேலே கிளையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரித்த வாற்பேய்கள் கீழேயுள்ள நீரில் விழுந்து வளரும். மலைநாட்டு மரத்தவளையின் முதுகில் மணற்கடிகை போன்ற குறி உண்டு. ஆனால் அக்குறி தாழ்நிலத்து உறவினத்திற்கும் உண்டு. ஆதலின் மூக்கைப் பார்க்க வேண்டும், குதிகாலைப் பார்க்க வேண்டும். மலைநாட்டினதற்கு மூக்கு கூர்ந்து நீண்டிருக்கும். குதிகாலில் சிறு முள் போன்ற தோல் நீட்சி இருக்கும்.

மற்றைய கூட்டம் புதர்த் தவளைகள். கட்டைவிரல் அளவேயுள்ள இவை இலங்கைத் தவளைகளுள் பாதிக்கு மேற்பட்டவை. இவற்றிற்கு வாற்பேய்ப் பருவமே இல்லை. பெரும்பாலானவை ஈரமண்ணில் குழி தோண்டி முட்டையிடும். சில இலையில் இடும். முட்டையை விட்டு வெளிவருவது முழு உருவம் பெற்ற சிறு தவளையே. குளம் வேண்டாத இவ்வுயிருக்கு நிழலும், சருகும், ஓயாத ஈரமும் வேண்டும். இங்கேதான் நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்டது. காடு போனதும் நிழல் போயிற்று. நிழலோடு ஈரம் போயிற்று. பேராசிரியர் கீர்த்திசிங்க 1957 ஆம் ஆண்டில் இலங்கையின் நீர்நில வாழ்வன பற்றி நூலெழுதியபோது கண்ட இனங்கள் இன்றைய தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. அந்நாளில் ஒன்றென எண்ணப்பட்டவை பல என்பது பிற்கால ஆய்வுகளால் வெளிப்பட்டது. பழைய காட்சிச்சாலைகளில் போத்தல்களில் கிடந்த மாதிரிகளை மீண்டும் நோக்கியபோது, ஏறத்தாழ 20 இனங்கள் அழிந்துவிட்டன என்பதும் தெரிந்தது. அவற்றுட் சில, தனியினம் என்று பெயர் சூட்டப்படுமுன்னரே மறைந்தவை. பிரித்தறியாத பொருள் காணாமற் போனால் யாருக்குத் தெரியும்?

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. கெலாட் என்ற இலங்கை மருத்துவர் 1853 இல் நுவரெலியாவின் புதர்த் தவளையொன்றை விரிவுற எழுதிவைத்தார். விண்மீன் போன்ற புள்ளிகள் கொண்ட அதற்கு அவ்வாறே பெயரிட்டார். அவர் பிடித்த மாதிரி தொலைந்தது. தவளையையும் பின்னர் எவரும் காணவில்லை. அழிந்த இனம் என்றே ஏட்டில் ஏறிற்று. 2009 இல் சிவனொளிபாதமலைச் சரணாலயத்தில் ஆய்வாளர் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழுவினர் ஒரு தவளையைக் கண்டனர். ஒப்பிட்டுப் பார்க்கப் போத்தல் இல்லை. கெலாட்டின் எழுத்தே இருந்தது. அவ்வெழுத்தில் உள்ள அடையாளங்களோடு பொருத்தி, இதுவே அது எனத் தெளிந்தனர். 1870களுக்குப் பின் காணாதிருந்த கண்டித் தேரையும் அவ்வாண்டிலேயே அக்காட்டின் ஓடையருகே அகப்பட்டது. நோர்வூட்டில் நின்று பார்த்தால் தெரியும் மலைத்தொடர் அது.

கூர்ந்து பார்த்து ஒழுங்காக எழுதிய சில வரிகள், நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் ஓர் உயிரினத்தை இறந்தோர் பட்டியலிலிருந்து மீட்டன. அத்தகைய பார்வை அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. கொழுந்து பறிப்போரும், கான் வெட்டுவோரும், பள்ளி மாணவரும் நாள்தோறும் இவ்வுயிர்களின் நடுவே நடக்கின்றனர். பிடித்துப் போத்தலில் அடைக்க வேண்டியதில்லை. தவளை தோலாலும் மூச்சு விடுவது. மருந்து தெளித்த கை படுவதே அதற்குக் கேடு. இருந்த இடத்திலேயே பார்த்து, தோல் எப்படி, கண்ணுக்குப் பின் சுரப்பி உண்டா, விரல் நுனி கூரா வட்டமா, சவ்வு எவ்வளவு, மூக்கு எவ்வடிவம், கண்ட இடம் யாது, நாள் யாது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். ஓடைக்கரைப் புதரை வெட்டாது விடுதலும், களைகொல்லி அந்நீரில் கலவாது பார்த்தலும் அதனினும் மேலான துணை.

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. மலையகத்துத் தவளைகளோ தம் வாயால் கெடவில்லை. நிழல் இழந்து கெட்டன, அறியப்படாமையாலும் கெட்டன. நிழலை மீட்கக் காலம் செல்லும். அறிந்துகொள்ளுதலை இன்றிரவே தொடங்கலாம்.