ஆர்சி கார் ரேடியோ: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

ஆர்சி கார் பந்தயத்தில் இறங்குகிற எவரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். காரோடு வந்த இரண்டு சேனல் ரிமோட்டே போதுமா, இல்லை சான்வா எம்17, ஃபுட்டாபா 10பிஎக்ஸ் போன்ற உச்ச நிலை ரேடியோ ஒன்றை வாங்கத்தான் வேண்டுமா? அந்த உச்ச நிலைக் கருவியின் விலையில் போட்டிக்குரிய 1/10 அளவுக் கார் கிட் ஒன்றையே வாங்கிவிடலாம் என்பதால் இது சின்னக் கேள்வி இல்லை. விளம்பரங்கள் நம் முன் வைப்பது எண்களை: கட்டளை எத்தனை மில்லி வினாடியில் காருக்குப் போய்ச் சேரும், ஸ்டீயரிங் எத்தனை ஆயிரம் படிகளாகப் பிரிக்கப்படும், எத்தனை சேனல், எவ்வளவு பெரிய திரை. இந்த எண்களில் பெரும்பாலானவை, டிரான்ஸ்மிட்டருக்கும் காருக்கும் இடையே காற்றில் நடக்கும் வேலையைப் பற்றியவை. அந்த வேலை இன்று பெரும்பாலும் சிக்கலின்றி நடந்துவிடுகிறது. இன்றைய சிக்கல்கள் காருக்குள்ளே மின்னழுத்தத்திலும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோவிலும், ஆன்டெனாவிலும் இருக்கின்றன. மிச்சம் ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. காசையும் அந்த வரிசையில்தான் செலவிட வேண்டும் என்பது என் வாதம்.

காற்றில் நடக்கும் வேலை ஒரு காலத்தில் உண்மையிலேயே பெரும்பாடாக இருந்தது. கடையில் விற்கும் பொம்மைக் கார்களும் பந்தயக் கார்களும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொண்டன. அதில் பிரவுன், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறத்தால் அழைக்கப்பட்ட ஆறு இடங்கள். தரையில் ஓடும் மாடல்களுக்கு அமெரிக்காவில் 75 மெகாஹெர்ட்ஸும் ஐரோப்பிய நாடுகளில் 40 மெகாஹெர்ட்ஸும் கூடுதலாகக் கிடைத்தன. டிரான்ஸ்மிட்டரில் ஒன்றும் ரிசீவரில் ஒன்றுமாகக் கிரிஸ்டல் ஜோடி போட வேண்டும். அதே எண்ணில் இன்னொருவர் தம் ரேடியோவை ஆன் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் கார் தடுப்பில் போய் மோதும். அதனால்தான் பந்தயத் தடங்களில் அலைவரிசைப் பலகையும் அதில் மாட்டும் கிளிப்பும் இருந்தன. கிளிப் கையில் இல்லாதவர் சுவிட்சைத் தொடக் கூடாது. 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் பரவியதும் இந்த ஏற்பாடெல்லாம் மறைந்தது. ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு ஒருமுறை பைண்ட் செய்துவிட்டால் அது தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணோடு வரும் கட்டளைக்கு மட்டுமே கீழ்ப்படியும். பல டஜன் கார்கள் பக்கத்துப் பக்கத்தில் ஆன் செய்யப்பட்டிருந்தாலும் ஒன்றையொன்று குழப்பாது. நடுத்தர விலை ரேடியோகூட இன்று இதைச் சரியாகச் செய்கிறது. அந்த வெற்றியை உச்ச விலைக்கான காரணமாக இனியும் காட்ட முடியாது.

அடுத்து வேகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு மில்லி வினாடியில் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் நகர்கிறது. பழைய அனலாக் சர்வோக்களுக்கு வினாடிக்கு 50 முறை, அதாவது 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை கட்டளை போனது. அந்த 20 மில்லி வினாடியில் கார் கடக்கும் தூரம் 33 சென்டிமீட்டர். 1/10 டூரிங் காரின் நீளத்தில் அது பெரும்பகுதி. இந்த இடைவெளி சில மில்லி வினாடிகளாகச் சுருங்கியது பெரிய முன்னேற்றம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று மில்லி வினாடிக்குத்தான் விலை ஏணி ஏறுகிறது. கட்டளை வந்து சேர்ந்த பிறகு சர்வோ திரும்ப வேண்டுமே, அந்த நேரத்தைப் பாருங்கள். நல்ல பந்தய சர்வோ 60 டிகிரி திரும்ப 0.10 வினாடி எடுத்தால், நடுவிலிருந்து ஒரு பக்கம் 30 டிகிரி போக 50 மில்லி வினாடி ஆகும். மலிவான சர்வோ அதே 60 டிகிரிக்கு 0.20 வினாடி எடுத்தால் அதற்கு 100 மில்லி வினாடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாலையில் 80 சென்டிமீட்டருக்கு மேல். உச்ச நிலை ரேடியோ சேமித்துத் தரும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரை இதன் பக்கத்தில் வைத்தால், முதலில் எதை மாற்ற வேண்டும் என்பது விளங்கிவிடும்.

சான்வாவின் எஸ்எஸ்ஆர், எஸ்யூஆர் என்ற அதிவேகக் கட்டளை முறைகளும் ஃபுட்டாபாவின் எஸ்ஆர் முறையும் அவற்றுக்கென்று செய்யப்பட்ட சர்வோ இருந்தால்தான் முழுப் பயன் தரும் என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். சாதாரண அனலாக் சர்வோவை அதிவேக முறையில் ஓட்டினால் அது சூடேறி எரிந்துபோகவும் கூடும். படிகளின் கதையும் இப்படித்தான். சர்வோவின் முழு வீச்சுக்கான துடிப்பு ஏறக்குறைய 1000 முதல் 2000 மைக்ரோ வினாடி வரை. இதை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி கால் மைக்ரோ வினாடிதான். ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைவான மாற்றத்தைப் பல சர்வோக்கள் கண்டுகொள்வதே இல்லை.

இதற்கு இரண்டு திசைகளிலிருந்து மறுப்பு வரும். மனிதர் கண்ணால் பார்த்துக் கையால் செயல்பட ஏறக்குறைய 200 மில்லி வினாடி ஆகிறது, ஆகவே ரேடியோவின் தாமதம் எதுவாக இருந்தால் என்ன என்பார் ஒருவர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பந்தய ஓட்டுநர் வளைவைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திருப்புவதில்லை. வளைவு வரும் முன்பே அவர் கை தயாராகிவிடுகிறது. ஒரே அளவில் இருக்கும் தாமதத்தைக் கை கற்றுக்கொள்ளும். ஒருமுறை 2, மறுமுறை 18 என்று மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது. பழைய முறையின் உண்மையான குறை இந்த மாறுபாடுதான். இன்றைய நடுத்தர ரேடியோவிலேயே அது பெருமளவு நீங்கிவிட்டது. மற்றவர், உலக சாம்பியன்கள் உச்ச நிலை ரேடியோவைத்தானே பிடிக்கிறார்கள் என்பார். பிடிக்கிறார்கள். முன்னணி ஓட்டுநர்களில் பலருக்கு ரேடியோ நிறுவனங்களே கருவிகளைத் தருகின்றன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆர்சி கார் பந்தயத்துக்கான ஐஎஃப்எம்ஏஆர் உலகப் பட்டத்தை 14 முறை வென்ற மசாமி ஹிரோசாகாவின் வெற்றிகளில் பெரும்பகுதி 2.4 கிகாஹெர்ட்ஸ் வருவதற்கு முந்தைய ரேடியோக்களில் கிடைத்தவை. அவர் காலத்துப் போட்டியாளர்களும் அதே வகைக் கருவிகளைத்தான் வைத்திருந்தார்கள்.

இப்போது காருக்குள். "ரேடியோ கட்டாகுது" என்று சொல்லப்படும் புகார்களில் பலவற்றுக்கு ரேடியோ காரணமே இல்லை. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது ஸ்பீடு கன்ட்ரோலருக்குள் இருக்கும் பிஇசி என்ற சுற்று. மலிவான கன்ட்ரோலர்களில் அது 2 அல்லது 3 ஆம்பியர்தான் தாங்கும். வலிமையான ஸ்டீயரிங் சர்வோ ஒன்று சக்கரம் தடுப்பில் சிக்கி முறுக்கிக்கொள்ளும் கணத்தில் அதற்கு மேல் இழுத்துவிடும். மின்னழுத்தம் ஒரு நொடி சரிகிறது, ரிசீவர் அணைந்து மறுபடி விழிக்கிறது, அதற்குள் கார் சுவரில். இதைக் கண்டு புது டிரான்ஸ்மிட்டர் வாங்குபவருக்குப் பழைய கோளாறு புதுப் பெட்டியோடும் வரும். சரியான பிஇசியும், ரிசீவரில் செருகும் சிறு கெப்பாசிட்டரும் அந்த விலையில் மிகச் சிறிய பங்குக்கே கோளாறைத் தீர்த்துவிடக்கூடும். ஆன்டெனாவும் அப்படியே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், வயரின் நுனியில் உறை நீக்கப்பட்ட 3 சென்டிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா. அதைக் குழாயில் செங்குத்தாக நிறுத்தாமல் கார்பன் ஃபைபர் சேஸி மேல் சுருட்டி ஒட்டினால் எந்த நிறுவனத்தின் சிக்னலும் தடுமாறும். காரின் நிலையை டிரான்ஸ்மிட்டருக்குத் திருப்பிச் சொல்லும் டெலிமெட்ரிக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். ஓட்டத்தின் போது ரிசீவர் மின்னழுத்தம் எவ்வளவு கீழே போனது என்று திரையில் காட்டும் ரேடியோ, பழியை ஊகத்தில் போடவிடாது.

நைட்ரோ கார் ஓட்டுபவர்கள் விலைப்பட்டியலில் முதலில் தேட வேண்டிய சொல் ஃபெயில்சேஃப். 1/8 பக்கி 3 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சிக்னல் அறுந்தும் கார்புரேட்டர் திறந்தே இருந்தால் அது மனிதர் காலில் பாயும் இரும்பு. சில மலிவு ரிசீவர்கள் சிக்னல் போனால் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். நல்லவை நாம் பதிந்துவைத்த பிரேக் நிலைக்குப் போகும். பதிந்தால் மட்டும் போதாது, சக்கரங்களைத் தூக்கி வைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரிசீவர் பேட்டரியே செத்துவிட்டால் ஃபெயில்சேஃபுக்கும் உயிர் இருக்காது. அந்த நிலைமைக்காகத்தான் கார்புரேட்டரை மூடி இழுக்கும் ஸ்பிரிங் ஒன்றை மாட்டிவைக்கிறார்கள். சில்லறை விலைப் பொருள் அது. எந்த விலை ரேடியோவும் அதன் இடத்தை நிரப்பாது.

கையைப் பற்றி எண்களில் எழுத முடியாது என்பதால் விளம்பரங்கள் அதைத் தொடுவதில்லை. ஆனால் விலை உயர்ந்த ரேடியோவுக்கு நியாயமான காரணம் ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்தின் விட்டம், அதன் ஸ்பிரிங் இறுக்கம், டிரிகர் விரலுக்குள் உட்காரும் இடம், பிரேக் பக்கம் தள்ளும்போது வரும் எதிர்ப்பு, கைப்பிடியின் பருமன், நீண்ட ஓட்டத்தில் தெரியும் எடை எல்லாமே ஓட்டுநரின் உடலுக்குப் பொருந்த வேண்டும். நல்ல ரேடியோக்களில் இவற்றை மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் சக்கரத்தை இடக்கைக்காரருக்காக மறுபக்கம் மாட்டவும் முடியும். பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதில் தேயாத ஹால் சென்சார் இருந்தால் நடுநிலை பல ஆண்டுகள் தடுமாறாது. சிறுவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் வாங்கும்போது இது இன்னும் முக்கியம். அமைப்புகளில் எண்ட் பாயின்ட், டூயல் ரேட், எக்ஸ்போ, பிரேக் அளவு ஆகிய நான்கையும் ஓட்டிக்கொண்டே எளிதாக மாற்ற முடிந்தால் பெரும்பான்மைப் பந்தயக்காரர்களுக்கு அது தாராளம். த்ராட்டில் வளைவு, ஏபிஎஸ் போன்றவை இருக்கட்டும். ஆனால் இன்றைய பிரஷ்லெஸ் கன்ட்ரோலரிலேயே பாய்ச்சலுக்கும் பிரேக்குக்கும் தனி அமைப்பு உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் திருகினால் கார் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று புரியாமலே போகும்.

சேனல் எண்ணிக்கை எந்த வகைக் கார் என்பதைப் பொறுத்தது. டூரிங் காருக்கும் பக்கிக்கும் இரண்டு சேனல் போதும். பாறை ஏறும் டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற கிராலர்களில் கியர் மாற்றவும் டிஃபரன்ஷியலைப் பூட்டவும் தனிச் சேனல்கள் தேவை, வின்ச் மாட்டினால் இன்னொன்று. பின்சக்கர டிரிஃப்ட் காருக்கு கைரோ இல்லாமல் முடியாது, அதன் உணர்திறனை மாற்ற மூன்றாவது சேனல் உதவும். பந்தயத்துக்கென்று கைரோ உள்ள ரிசீவர் வாங்குவது வீண்; ஆர்ஓஏஆர் போன்ற அமைப்புகளின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

டிரான்ஸ்மிட்டர் ஒருமுறைச் செலவு, ரிசீவர் காருக்குக் கார் செலவு. நான்கு கார் வைத்திருப்பவர் உண்மையில் வாங்குவது ஒரு ரேடியோவையும் நான்கு ரிசீவரையும். ஜப்பானிய உச்ச நிலை ரிசீவர்கள் ஃப்ளைஸ்கை, டம்போ போன்ற மலிவு வகைகளைவிடப் பல மடங்கு விலை. ஒரு நிறுவனத்தின் ரிசீவர் பொதுவாக மற்றதோடு பேசாது. ஆகவே புது டிரான்ஸ்மிட்டர் நம் பழைய ரிசீவர்களை ஏற்குமா என்பது மில்லி வினாடிகளைவிடப் பெரிய கேள்வி. பழைய எஃப்எச்4 முறை ரிசீவர்களை எம்17 ஏற்கிறது என்பது சான்வாக்காரர்களுக்கு அதன் திரையைவிடப் பெரிய ஆறுதல். இந்தப் பூட்டை உடைக்கத் திறந்த மூலத் திட்டமான எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் இருக்கிறதே, ரேடியோமாஸ்டர் எம்டி12 வாங்கினால் முடிந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல நிறுவனங்கள் அதற்கான ரிசீவரைக் குறைந்த விலைக்குச் செய்கின்றன, வேகத்திலும் அது எதற்கும் சளைத்ததில்லை. ஆனால் எம்டி12-இன் மென்பொருளான எட்ஜ்டிஎக்ஸின் மெனுக்களை உட்கார்ந்து படிக்கும் பொறுமை வேண்டும். டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் மென்பொருளின் முதன்மைப் பதிப்பு ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டும் பைண்ட் ஆகாது. அந்த வேலையை விரும்பிச் செய்பவருக்கு இதைவிடச் சிறந்த காசு மதிப்பு இன்று இல்லை என்றே நினைக்கிறேன். விரும்பாதவர் பந்தய நாளில் தவிப்பார்.

இந்தியாவில் வாங்குபவர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸை நிர்ணயித்த ஆற்றலுக்குள் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்றாலும், கம்பியில்லாக் கருவியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஈடிஏ அனுமதி தேவை. வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகத் தெரியும் ரேடியோ சுங்கத்தில் நின்றுவிடலாம். டிரான்ஸ்மிட்டர் எப்படியோ வந்துவிட்டாலும், விபத்தில் ரிசீவர் உடையும்போது மாற்று ரிசீவர் இங்கே கடையில் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிட வேண்டும். கிடைக்கும் நிறுவனத்தின் நடுத்தர ரேடியோ, கிடைக்காத நிறுவனத்தின் உச்ச நிலை ரேடியோவைவிட அதிக ஞாயிற்றுக்கிழமைகள் ஓடும். அதில் மிச்சமாகும் பணத்துக்கு நல்ல சர்வோ ஒன்றும், கூடுதல் ரிசீவர் இரண்டும் வாங்கலாம்.