தையல் மிஷின் கம்பெனி செய்த துப்பாக்கி!

உங்கள் வீட்டில் பாட்டி காலத்துத் தையல் மிஷின் இருக்கிறதா? அதன் மேல் "சிங்கர்" என்று எழுதி இருக்கிறதா?

அந்த சிங்கர் கம்பெனி, ஒரு சமயம் கைத்துப்பாக்கியும் செய்தது!

மொத்தம் 500 துப்பாக்கிகள்தான் செய்தது. அதில் ஒன்று, 2017-ம் ஆண்டு அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 4 லட்சம் டாலருக்கும் மேல்!

பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக்கு இவ்வளவு விலையா? அதை யார் வாங்குகிறார்கள்? எதற்காக வாங்குகிறார்கள்? வாங்கி, சுட்டும் பார்க்கிறார்களா?

இது அந்தக் கதை.

6 ஆயிரம் குண்டுகள்

அந்தத் துப்பாக்கியின் பெயர் "எம்.1911". அதை அமைத்தவர், ஜான் பிரவுனிங். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையும் துப்பாக்கி செய்கிறவர்தான்.

அப்போது பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கப் படை சண்டை போட்டுக்கொண்டு இருந்தது. அதை எதிர்த்து நின்றவர்கள், மோரோ வீரர்கள். சிறிய குண்டு பாய்ந்த பிறகும் அவர்கள் கத்தியோடு முன்னேறி வந்தார்கள். "நமது துப்பாக்கிக்கு வலு போதாது" என்று அமெரிக்க ராணுவம் முடிவு செய்தது. பெரிய குண்டு போடும் துப்பாக்கியைத் தேடியது.

1911-ம் ஆண்டு மார்ச் மாதம், இறுதிச் சோதனை நடந்தது. 6 ஆயிரம் குண்டுகளைச் சுட வேண்டும். 100 குண்டு சுட்டதும் சிறிது நேரம் ஆற விடுவார்கள். ஆயிரம் குண்டு ஆனதும் துடைத்து எண்ணெய் போடுவார்கள். மீண்டும் சுடுவார்கள். துப்பாக்கி கை வைக்க முடியாதபடி கொதித்தால், தண்ணீரில் முக்கி எடுப்பார்கள்!

பிரவுனிங்கின் துப்பாக்கி ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. போட்டிக்கு வந்த இன்னொரு துப்பாக்கி 37 முறை தகராறு செய்தது.

மார்ச் 29-ந்தேதி, பிரவுனிங்கின் துப்பாக்கியை ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985-ம் ஆண்டு வரை அதுதான் அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கி. இரண்டு உலகப் போர்களிலும், கொரியாவிலும், வியட்நாமிலும் அது சிப்பாய்களின் இடுப்பில் தொங்கியது.

டைப்ரைட்டர் கம்பெனியும் வந்தது!

இரண்டாவது உலகப் போர் வந்தது. லட்சக்கணக்கில் துப்பாக்கி தேவைப்பட்டது. துப்பாக்கிக் கம்பெனிகளால் மட்டும் செய்து கொடுக்க முடியவில்லை.

மற்றக் கம்பெனிகளை அரசாங்கம் கூப்பிட்டது.

முதலில் வந்தது சிங்கர். பழகிப் பார்ப்பதற்காக 500 துப்பாக்கிகள் செய்யும்படி 1940-ம் ஆண்டு உத்தரவு கிடைத்தது. செய்து கொடுத்தது. வேலை மிகவும் நேர்த்தியாக இருந்தது. அதுவே வினை ஆயிற்று! "இவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு? பீரங்கிக்குக் குறி பார்க்கும் கருவி செய்யட்டும்" என்று அரசாங்கம் வேறு வேலை கொடுத்துவிட்டது. அதனால்தான் சிங்கர் துப்பாக்கி 500-உடன் நின்றுவிட்டது.

டைப்ரைட்டர் செய்யும் "ரெமிங்டன் ராண்ட்" கம்பெனி, ஏறக்குறைய 9 லட்சம் துப்பாக்கிகளைச் செய்து குவித்தது. ரெயில்வே சிக்னல் செய்கிற கம்பெனி ஒன்றும், சுமார் 55 ஆயிரம் செய்தது. எந்தக் கம்பெனி செய்த உறுப்பும், மற்றக் கம்பெனித் துப்பாக்கியில் பொருந்தும். அப்படி ஓர் அளவு!

கிடங்கில் தூங்கிய துப்பாக்கிகள்

1985-ல் ராணுவம் புதிய துப்பாக்கிக்கு மாறியது. பழையவற்றில் சுமார் 1 லட்சம், அலபாமா மாநிலத்தில் உள்ள ஆனிஸ்டன் கிடங்கில் முடங்கின. அவற்றைக் காப்பாற்ற, துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு சுமார் 2 டாலர் செலவு ஆனது.

2015-ம் ஆண்டு, அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கச் சட்டம் வழி செய்தது. விற்கும் பொறுப்பு, "சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்" என்ற அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. குறி பார்த்துச் சுடும் விளையாட்டை வளர்க்கும் அமைப்பு அது. லாபத்துக்காக நடப்பது அல்ல.

2018-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி, விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கெடு. தபாலில்தான் அனுப்ப வேண்டும். ஓர் உறையில் ஒரே விண்ணப்பம். ஒருவருக்கு ஒரே துப்பாக்கி.

வந்து குவிந்த விண்ணப்பங்கள், சுமார் 19 ஆயிரம். கையில் இருந்த துப்பாக்கிகளோ சுமார் 8 ஆயிரம்!

என்ன செய்வது? குலுக்கல்தான். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் விழுந்தது. சிறிய எண் விழுந்தவர் அதிர்ஷ்டசாலி. அவருக்கு முதலில் டெலிபோன் வரும். பெரிய எண் விழுந்தவர் காத்துக் கிடக்க வேண்டும்.

இரட்டைச் சோதனை

காசு இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வயது 21 நிரம்பி இருக்க வேண்டும். அமைப்போடு சேர்ந்த ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். துப்பாக்கி சுடப் பழகியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்.

பிறகு, அவர் மீது குற்றம் ஏதாவது உண்டா என்று அரசாங்கப் பதிவேட்டில் பார்ப்பார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! விற்கும் அமைப்பு ஒரு தடவை பார்க்கும். லைசென்சு பெற்ற கடைக்காரர் இன்னொரு தடவை பார்ப்பார். துப்பாக்கி வாங்குகிறவரின் வீட்டுக்கு வராது. அந்தக் கடைக்குத்தான் வரும். அங்கே போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்றில் விலை மூன்று தரமாக இருந்தது. நல்ல நிலையில் உள்ளது 1,050 டாலர். கொஞ்சம் துருவும் தேய்மானமும் உள்ளது 950 டாலர். துரு அரித்து, சிறிது பழுது பார்க்க வேண்டியது 850 டாலர். அபூர்வமானவை மட்டும் தனியாக ஏலத்துக்குப் போயின.

தேய்த்தால் போச்சு!

பெட்டியைத் திறந்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சாம்பல் நிறம். அங்கங்கே கீறல். பிடியில் தேய்மானம்.

அதோடு, அடிப்பகுதி ஒரு கம்பெனி செய்ததாக இருக்கும். மேல்பகுதி வேறு கம்பெனி செய்ததாக இருக்கும். பட்டாளத்துப் பட்டறையில் பல துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, கைக்குக் கிடைத்ததைச் சேர்த்து மாட்டுவார்கள். அங்கே வேலை நடந்தால் போதும். ஜோடி பார்ப்பது இல்லை.

"பளபளப்பாக்கி வைப்போம்" என்று சிலருக்கு ஆசை வரும். தேய்த்தால் போச்சு! பழைய பூச்சு போனால், விலையும் போய்விடும். அந்தக் கீறல்தான் அதன் வரலாறு.

போலிகளும் உண்டு. சாதாரணத் துப்பாக்கியில் "சிங்கர்" என்று பெயர் பொறித்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள், எண்ணையும் முத்திரையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

சுடலாமா?

வாங்கியவர் மனதில் எழும் பெரிய கேள்வி இதுதான்.

முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கி என்றால், நிதானிக்க வேண்டும். அந்தக் காலத்தில் மேல்பகுதி இரும்பை முழுவதும் பதப்படுத்தவில்லை. அது மென்மையானது. நிறையச் சுட்டால் விரிசல் விடும். 100 ஆண்டு தாங்கிய பொருள், ஒரு பகல் பொழுதில் பாழாகிவிடும்! அதை அலமாரியில் வைத்துவிடுவதே நல்லது.

பிற்காலத்துத் துப்பாக்கி என்றால் சுடலாம். ஆனால் முதலில் சோதனை.

தோட்டாக் கூட்டைக் கழற்ற வேண்டும். மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். குழலில் அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்து இருக்கும். அதைக் கழற்றி, புதிய ஸ்பிரிங் போட வேண்டும். சந்தேகம் இருந்தால், துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

தோட்டாவும் பழைய அளவுதான். குண்டின் எடை சுமார் 15 கிராம். இப்போது வரும் அதிக வேகத் தோட்டாக்களைப் போடக்கூடாது.

ஏழு குண்டுகள்

சுடும் மைதானம். காதுக்கு மூடி. கண்ணுக்குக் கண்ணாடி. குழல் முனை எப்போதும் குறிப்பலகையை நோக்கியே இருக்கிறது. சுடும் நொடி வரும் வரை, விரல் விசையைத் தொடுவது இல்லை.

கூட்டில் 7 தோட்டாக்கள் போடலாம். ஆனால் முதல் தடவை ஒன்றுதான் போடுகிறார்கள். பிறகு இரண்டு. ஏன்? உள் உறுப்பு தேய்ந்து போயிருந்தால், ஒரு முறை அழுத்தியதற்கே இரண்டு மூன்று குண்டுகள் பாய்ந்துவிடும்!

"டமார்!"

கை மேலே தூக்குகிறது. மேல்பகுதி பின்னால் பாய்கிறது. காலித் தோட்டா வெளியே தெறிக்கிறது. மேல்பகுதி திரும்பி வரும்போது, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடுகிறது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்!

குறி பார்க்கும் முனை மிகவும் சிறியது. வயதானவர்களின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பெரிய கையாக இருந்தால், துப்பாக்கியின் குதிரை பின்னால் வரும்போது கட்டைவிரல் அடியில் தோலைக் கிள்ளிவிடும். இதனால்தான் 1920-களில் அந்த இடத்தை நீட்டி அமைத்தார்கள். அப்படியும் சிலரைக் கிள்ளுகிறது!

அழியாத எழுத்து

சுட்டு முடித்ததும், குழலைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும். துப்பாக்கியையும் பூட்ட வேண்டும். சாவி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது. எவ்வளவு பழையது ஆனாலும், அது உயிரைக் குடிக்கும் கருவிதான்.

துப்பாக்கியின் பக்கத்தில், "அமெரிக்க நாட்டின் சொத்து" என்று ஆங்கிலத்தில் பொறித்து இருக்கிறது. இப்போது அது ஒரு தனி மனிதரின் சொத்து. ஆனால் அந்த எழுத்தை அவர் அழிப்பது இல்லை.

அதற்கு முன்பு அதைப் பிடித்த கைகள் எத்தனை? அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? துப்பாக்கியில் அதற்குப் பதில் எழுதி இருக்கவில்லை.

தேய்ந்துபோன பிடி மட்டும்தான் இருக்கிறது.