உள்ளீடற்ற சுவரும் நூற்பலகையும்

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்? நூற்பலகை மாட்டுவார்க்கும் அதுவே விதி. இதனை மறந்து, சென்ற ஆண்டு சேலையூரில் நாம் குடியிருந்த வாடகை அறையில், 1936இல் முற்றுப்பெற்று 1939இல் அநுபந்தமும் பெற்ற தமிழ் லெக்ஸிகனை ஒரு பலகையில் அடுக்கினோம். இரண்டாம் இரவு, அது நமது தலையணைக்கு ஒரு சாண் அப்பால் வீழ்ந்தது.

பிழை யாது? அத்தடுப்புச் சுவர் செங்கல்லன்று. இரும்புத் தகட்டுச் சட்டங்களின்மீது 12.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஜிப்சம் போர்டு பொருத்தியது. நாம் இட்டதோ, கடைகளில் ‘ரால் பிளக்’ எனப்படும் நைலான் முளை. ஜெர்மானியராகிய ஆர்தர் பிஷர் 1958இல் கண்ட வகையினது. திருகாணி உட்செல்ல அது விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கும். அந்நெருக்கமே அதன் பிடி. உள்ளே வெற்றிடமாயின் நெருக்குதற்கு இடமேது?

ஆதலின் முதற்கண் சுவரை விரலால் தட்டுக. பறைபோல் அதிருமிடம் வெற்றிடம். ஒலி அமுங்குமிடம் சட்டம். சட்டங்கள் பெரும்பாலும் 2 அடிக்கு ஒன்றாக நிற்கும். சிறு காந்தம் அவற்றிலுள்ள திருகாணித் தலைகளைக் காட்டிக்கொடுக்கும். பளுவான பலகையைச் சட்டத்திலேயே திருகுக. சட்டம் வாயாவிடத்து, துளைக்கப்பால் சிறகு விரிக்கும் டாகிள் போல்ட்டை இடுக. அது பளுவைப் போர்டின் பின்புறத்தே பரப்பித் தாங்கும். ஹாலோ பிளாக் சுவர்க்கும் அது பொருந்தும். ஆயின் துளைப்பானின் சுத்தியல் விசையை நிறுத்தித் துளைக்க, இன்றேல் கல்லின் உட்புறம் உடைந்து உதிரும். பலகை அகலுந்தோறும் மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசை மிகும் என்பதும் நினைக்கத்தக்கது.

இப்பொழுது நமது பலகை சட்டத்தைப் பற்றி நிற்கின்றது. எனினும், அதன்கீழ்த் தலைவைத்துத் துயில்வதை விட்டொழித்தோம்.