உறுதியும் உடையாமையும்

1943 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரத் துறையில், புதிதாகக் கட்டப்பட்ட ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல் நின்றிருந்தது. புயல் இல்லை, அலையும் இல்லை. ஆயினும், பேரொலியுடன் கப்பல் நடுவே பிளந்தது.

அக்காலத்தில் வேறு சில கப்பல்களும் இவ்வாறே பிளந்தன. பற்றவைப்பின் குறைகளே காரணம் எனப் பலர் கருதினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உலோகவியல் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் எஃகின் இயல்பையே ஆராய்ந்தார். வெப்பமான சூழலில் வளைந்துகொடுக்கும் அவ்வெஃகு, கடுங்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்குவதை அவருடைய ஆய்வு தெளிவாக்கியது. பற்றவைத்து ஒன்றாக்கிய தகடுகளில், ஓரிடத்தில் தோன்றிய விரிசல் தடையின்றிப் பரவியது.

ஒரு தகடு நிலையாக உருமாறாமல் எவ்வளவு இழுவிசையைத் தாங்குகிறது என்பது அதன் உறுதி. விரிசல் தோன்றிய பின்னும் நொறுங்கிவிடாமல் நிற்பது அதன் உடையாமை. இவ்விரண்டும் வெவ்வேறு பண்புகள். ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றொன்று குறையக்கூடும்.

சாதாரணக் கட்டுமான எஃகு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் இழுவிசை வரை உருமாறாமல் தாங்கும். உயர் உறுதி எஃகுத் தகடுகளுள் ஒருவகை 690 மெகாபாஸ்கல் வரை தாங்கும். இதனை உருவாக்கும் முறை, பழுக்கக் காய்ச்சிய அரிவாளைக் கொல்லர் நீரில் தோய்ப்பதை ஒத்தது. தகட்டை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, நீரால் விரைந்து குளிர்விப்பர். அதனால் எஃகு கடினமாகும். எளிதில் நொறுங்கவும் செய்யும். எனவே, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவர். அப்போது கடினம் சற்றுத் தணிந்து, உடையாமை மீள்கிறது. மாங்கனீசு, நிக்கல், மாலிப்டினம் போன்ற தனிமங்களைச் சிறிதளவு சேர்ப்பதும் துணைபுரிகிறது.

உறுதி மிகுந்தால் மெல்லிய தகடே போதும், எடை குறையும். எடை குறைந்த சுரங்க லாரி கூடுதல் கனிமத்தைச் சுமக்கும். பாரந்தூக்கியின் நீண்ட கையும் எடை குறைந்து அமையும். பாலங்களுக்கும் அழுத்தக் கலன்களுக்கும் இத்தகடுகள் பயன்படுகின்றன. ஆயினும், உறுதி கூடுவதால் எஃகின் விறைப்பு கூடுவதில்லை. மிக மெல்லிய தகடு சுமையால் நெளியக்கூடும். ஆதலால் பொறியாளர்கள் தடிமனை அளவறிந்தே குறைக்கின்றனர்.

குளிர்ப்பகுதிகளில் பயன்படும் தகடுகளுக்குச் ‘சார்பி’ சோதனை இன்றியமையாதது. பள்ளமிட்ட சிறு எஃகுத் துண்டைக் குளிர்வித்து, ஊசல் சுத்தியலால் அடிப்பர். துண்டு உடையும்போது ஏற்கும் ஆற்றலே அதன் உடையாமையைக் காட்டும். எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதோடு, எவ்வளவு குளிர் வரை நொறுங்காமல் தாங்கும் என்பதையும் அறிந்த பின்னரே இத்தகைய தகடு பயன்பாட்டுக்கு வருகிறது.