இடம்பெயர்ந்தோர் கட்டிய மலை வயல்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவில், வடக்கே கோர்டில்லேரா மலைத்தொடரில் இபுகாவோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல்லாலும் மண்ணாலும் கட்டுகள் எழுப்பி நெல் விளைவிக்கும் கமக்காரர்கள் இவர்கள். வயலுக்கான தண்ணீர் மேலேயுள்ள காட்டிலிருந்து வருகிறது. 'முயோங்' எனப்படும் அக்காட்டுத் துண்டுகளைக் குடும்பங்களே பரம்பரையாகப் பேணுகின்றன. காடு அழிந்தால் வயலும் அழியும் என்று எந்த அதிகாரியும் போய் அவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

1995இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வயல்களில் ஐந்து தொகுதிகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2001இல் அவை ஆபத்திலுள்ளவை என அறிவித்து, 2012இல் அவ்வறிவிப்பை நீக்கியது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போக, பராமரிக்க ஆளில்லாத இடங்களில் கட்டுகள் சரிந்திருந்தன. கைவிட்ட வயலின் வரம்பு என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உலகெங்கும் இத்தகைய மலைக்கிராமங்களுக்கு வெளிநாட்டு மாணவர்கள் 'சேவை வழிக் கற்றல்' என்ற பெயரில் வருகின்றனர். நல்ல மனம் படைத்த பிள்ளைகள்தான். ஆனால் தண்ணீரைத் தாங்கும் கற்கட்டு இரண்டு வாரத்தில் கைவரும் தொழிலல்ல. மெக்சிக்கோக் கிராமங்களுக்குச் சேவைக்கெனப் புறப்பட்ட அமெரிக்க மாணவரிடம், இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1968இல் இதை முகத்துக்கு நேரே சொன்னார். கற்க வருவதை அவர் தடுக்கவில்லை. மக்களின் மொழியும் அறியாமல் உதவப் போகிறோம் என்று வருவதையே எதிர்த்தார். கடுமையான பேச்சு, எனினும் பெரும்பகுதி நியாயமே.

அவர் சொன்ன விதமாகக் கற்க வந்த மாணவர்களை இபுகாவோ மாகாணத்தின் கியங்கான் பகுதியில் காணலாம். அங்கு 2012இல் ஓர் அகழ்வாய்வு தொடங்கியது. வயல்களைக் காக்க அம்மக்களே நடத்தும் இயக்கமொன்று அதன் பங்காளி. பல்கலைக்கழக மாணவர் ஊர்மக்களோடு சேர்ந்து மண்ணைத் தோண்டினர். கிடைத்த ஓடுகளைக் கழுவித் தரம்பிரித்தனர்.

இவ்வயல்கள் 2000 ஆண்டுப் பழைமை உடையவை என்றே நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. ஆனால் அங்கு நன்செய் நெல் வந்து ஏறத்தாழ 400 ஆண்டுகளே ஆகின்றன என்று இவ்வாய்வாளர்கள் கண்டனர். அதற்கு முன் அம்மக்கள் பயிரிட்டது சேப்பங்கிழங்கு. ஸ்பானியர் சமவெளிக்குள் புகுந்தபோது அவர்களுக்கு அடங்க மறுத்தோர் மலையேறினர் என்றும், அக்காலத்திலேயே நெல்வயல்கள் மலையெங்கும் பரவின என்றும் அவர்கள் விளக்குகின்றனர். 2000 ஆண்டு என்ற பெருமை போயிற்றே என்று சிலர் வருந்தக்கூடும். எனக்கோ இதுவே பெரிய கதையாகப் படுகிறது. உலகம் வியந்து பார்க்கும் அந்த வயல்களில் பெரும்பகுதி, ஊரை விட்டு வந்த மக்கள் சில தலைமுறைகளுக்குள் கட்டியது.

உங்களிடமும் மாணவர் குழுக்கள் வருவதுண்டு. வினாக்கொத்தை நிரப்பி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த முறை வருவோரிடம் நீங்களே ஒரு வேலை கொடுங்கள். விட்டு வந்த வயல்வெளிகளின் பெயர்கள், எந்தத் துண்டு எந்த வாய்க்காலில் பாய்ந்தது, எல்லையில் நின்ற மரம் எது, பக்கத்துக் காணிக்காரர் யார் என்பவற்றை முதியோர் சொல்ல, அவர்கள் எழுதட்டும். ஒரு பிரதியை உங்களிடம் தந்துவிட்டே போகவேண்டும். காணிப் பத்திரம் தொலைந்த குடும்பங்கள் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.