முற்று எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் 138 பஸ் கிருலப்பனையைத் தாண்டும்போது உள்ளே பாதிப்பேர் பிள்ளைகள். இறங்குவது நுகேகொடையில். சந்தியைச் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஆசிரியர்களின் படம் போட்ட போஸ்டர்கள்: பௌதிகவியல், கணக்கீடு, ஆங்கிலம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் டியூஷனுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஆங்கிலத்துக்கென்று இவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கூட்டிவரும் தமிழ்த் தாய்மார் இருக்கிறார்கள்.

அப்படி வந்த பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தியின் கொப்பியைப் பின்வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகரகமையிலிருந்து வரும் சிங்களப் பையன். அன்றைய பாடம் சிம்பிள், கொம்பவுண்ட், கொம்ப்ளெக்ஸ். அதாவது தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலப்பு வாக்கியம். வகுப்பில் தரும் 'டியூட்' குறிப்பின் முதல் பக்கத்தில் ஏழு இணைப்புச் சொற்கள்: ஃபொர், அன்ட், நோர், பட், ஓர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபான்போய்ஸ்' என்று பாடமாக்க வேண்டும். இவை இரண்டு வாக்கியங்களைச் சமமாக வைத்துச் சேர்ப்பவை. அடுத்த பக்கத்தில் பிகோஸ், ஓல்தோ, வென், இஃப். இவை ஒன்றை மற்றதன் கீழே கொண்டுவருபவை.

மழை பெய்தது, வகுப்பு நடக்கவில்லை என்ற இரண்டையும் 'பிகோஸ்' போட்டு ஒன்றாக்கச் சொன்னார் மிஸ். இரண்டு கொப்பியிலும் ஒரே விடை: 'பிகோஸ் இட் ரெய்ன்ட், ஸோ த கிளாஸ் வோஸ் கான்சல்ட்.' இரண்டிலும் அந்த 'ஸோ'வைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, ஆரைப் பார்த்து ஆர் எழுதியது என்று கேட்டார். ஒருவரும் பார்த்து எழுதவில்லை. எழுதும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த 'ஸோ' எங்கிருந்து வந்தது? 'மழை பெய்ததால் வகுப்பு நடக்கவில்லை' என்கிறோம். காரணம் காட்டும் 'ஆல்' வாக்கியத்தின் நடுவில், இரண்டு பாதியும் சந்திக்கும் இடத்தில் முடிச்சாக நிற்கிறது. சிங்களத்தில் 'நிசா' என்ற சொல்லும் அதே இடத்தில்தான் நிற்கும். ஆங்கிலமோ அந்த முடிச்சைத் தூக்கி முன்னால் வைக்கச் சொல்கிறது. பிள்ளை சொன்னபடி வைக்கிறது. ஆனால் பழக்கப்பட்ட நடு இடம் வெறுமையாகக் கிடக்கிறதே! அங்கே ஒரு 'ஸோ'வை வைத்தால்தான் மனம் ஆறுகிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'நான் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு நித்திரைகொண்டேன்' என்பதைச் சிங்களத்தில் சொல்லிப் பாருங்கள்: 'மம கெதர கிஹின் பத் காலா நிதாகத்தா.' போய் என்பதற்குக் கிஹின், சாப்பிட்டு என்பதற்குக் காலா. சொல்லுக்குச் சொல், அதே வரிசை. எச்சங்களை அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் ஒரே ஒரு முற்றுவினையில் முடிப்பது இரண்டு மொழிக்கும் பொது. வேறு வேறு மொழிக் குடும்பம் என்று படித்திருக்கிறோம். வாக்கியம் கட்டும் முறையில் இப்படி ஒரு வீட்டுப் பிள்ளைகளாக இருக்கின்றன.

இந்த ஒற்றுமை ஆங்கில வகுப்பில் கணக்கில் வராததற்கு ஒரு பின்னணி உண்டு. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. பள்ளிப் படிப்பு படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. அது சரியான முடிவு என்றே நம்புகிறேன். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஆட்சிமொழி மாறியது, ஆங்கிலத்தின் அதிகாரம் மட்டும் போகவில்லை. பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்குச் சிங்கள மாணவர்கள் வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இவ்வளவுக்குப் பிறகும், ஆங்கில வகுப்புக்குள் நுழையும் பிள்ளை தன் இலக்கணத்தைச் செருப்பைப்போல வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்றுதான் பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு ஆற்றாமை அதில்தான். கலப்பு வாக்கியம் தெரியாத பிள்ளை உலகத்தில் இல்லை. 'சாப்பிட்டால்தான் விளையாட விடுவேன் என்று அம்மா சொன்னவ' என்று சொல்லும் ஐந்து வயதுப் பிள்ளை எத்தனை வாக்கியங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்திருக்கிறது!

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, போகப் புறப்பட்ட இருவரையும் கூப்பிட்டு இருத்தினார். 'மிஸ் நேற்றுத் தந்த டியூட்டைத் தொலைத்த பெடியன் இன்றைக்கு வரவில்லை.' இதில் முற்று எது என்று கேட்டார். 'வரவில்லை' என்றாள் பிள்ளை. வராதது ஆர்? பெடியன். அப்படியென்றால் ஆங்கிலத்தில் முதலில் பெடியனை எழுது, 'டிட் நொட் கம்' என்பதைக் கடைசிக்கு வை என்றார். மிச்சமெல்லாம் அந்தப் பெடியனைப் பற்றியது. தொலைத்தவன், எதைத் தொலைத்தவன், ஆர் தந்ததை. தமிழில் அவனுக்கு முன்னால் அடுக்கியிருந்ததை எல்லாம், ஒவ்வொன்றாக எடுத்து, ஆங்கிலத்தில் அவனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாள்: 'த போய் ஹூ லொஸ்ட் த டியூட் தட் மிஸ் கேவ் யெஸ்டடே டிட் நொட் கம் டுடே.' பையன் அதைச் சிங்களத்தில் சொல்லி விரல்விட்டு எண்ணினான். தந்த, தொலைத்த, பெடியன், வரவில்லை. வரிசை மாறவே இல்லை.

'தட்' இல்லாமலும் இந்த வாக்கியம் சரி என்றார் மிஸ். தந்தது மிஸ், டியூட் அங்கே வெறும் செயப்படுபொருள்.

"அப்ப 'ஹூ'வையும் விடலாமா மிஸ்?" என்றாள்.

"ஹூவை எடுத்தா, தொலைச்சது ஆர்?" என்று திருப்பிக் கேட்டார். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பையன் முந்திக்கொண்டான்: "எழுவாய் போயிடும்." அந்த ஒரு சொல்லை அவன் தமிழில்தான் சொன்னான். வாங்கில் பக்கத்தில் இருந்து பொறுக்கியதாக இருக்கவேண்டும்.