அளந்து பார், பிறகு கழட்டு: ஒரு பழைய பஜிரோ சொல்லித்தந்த பாடம்

கடந்த மாரியில் ஒரு நாள், இரவு பத்தரை மணியிருக்கும். பக்கத்து வளவுப் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது என்று அவளின் தாய் வந்து படலையில் நின்றார். எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையோரத்தில், பிரதான வீதியிலிருந்து நான்கு கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. மாரி காலத்தில் அந்தக் கிறவல் பாதையில் இரண்டு இடத்தில் வெள்ளம் நிற்கும். முச்சக்கரவண்டி போகாது. ஊரில் இருக்கும் ஒரே ஜீப் என்னுடையதுதான். 1996ஆம் ஆண்டு பஜிரோ, 4டி56 டீசல் எஞ்சின்.

முதலாவது வெள்ளத்தைக் கடந்துவிட்டோம். இரண்டாவதில் இறங்க முன்னர், நான்கு சக்கரமும் இழுப்பதற்காகச் சின்னக் கியரை மாற்றினேன். டாஷ்போட்டில் முன் சக்கரங்களைக் காட்டும் இரண்டு பச்சை விளக்குகளும் மினுங்கின. மினுங்கிக்கொண்டே இருந்தன, நிலைத்து எரியவில்லை. சேற்றில் பின் சக்கரம் மட்டும் சுழன்றது. எஞ்சின் நின்றது. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். முன் லைற்றுகள் மஞ்சளாக மங்கின.

கடைசியில் ஓர் உழவு இயந்திரம் வந்தது. பெட்டியில் தறப்பாளின் கீழ் அந்தப் பிள்ளையை ஏற்றி அனுப்பினோம். தாயும் சேயும் நலம். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் அவளின் தாய் என்னிடம் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் வெள்ளத்துக்குள் நின்றதை நான் மறக்கவில்லை.

"உந்தப் பழசை வித்துப்போட்டு வேற ஒண்டு வாங்குங்கோவன்" என்று சொல்பவர்கள் பலர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. இன்றைய வரியோடு வரும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே முப்பது வருடப் பழைய ஜீப்பையும் டபிள்கப்பையும் ஓடவைத்துத்தான் ஆகவேண்டும். அதற்கு, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியவேண்டும்.

மறுநாள் கராஜுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடம் பார்த்தார். "அண்ணை, ட்ரான்ஸ்பர் பெட்டி போயிட்டுது. பற்றரியும் சரியில்லை. ரெண்டையும் மாத்துங்கோ" என்றார். மூன்று இலட்சத்துக்குக் கிட்ட வரும் என்றார். அவர் கையில் ஒரு மீற்றர் கூட இருக்கவில்லை. நான் ஜீப்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவன் நான். 1990க்குப் பிறகு பெற்றோலும் பற்றரியும் வடக்குக்கு வர விடப்படாத காலம் அது. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். என் சித்தப்பா மின்மோட்டார் திருத்துபவர். ஒரு பொருளை மாற்றுவதற்கு இன்னொன்று கிடைக்காது என்பதால், அளக்காமல் எதையும் அவர் கழற்றமாட்டார். "முதல் அளந்து பாரடா, பிறகு கழட்டு" என்பார். அந்த ஒரு வசனத்தோடுதான் நான் பொனற்றைத் திறந்தேன்.

மின்சாரம்: மூன்று அளவுகள்

தேவையானது ஒரு சாதாரண மல்ரிமீற்றர் மட்டும்தான். கடையில் மலிவாகக் கிடைப்பதே போதும்.

முதலாவது, இரவு முழுக்க நின்ற வாகனத்தின் பற்றரி. முழுச் சார்ஜில் 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் வெறுமை. என்னுடையது 12.1. இதைப் பார்த்தவுடன் பற்றரி பழுது என்று முடிவு கட்டக்கூடாது. சார்ஜ் குறைந்த பற்றரியும் பழுதான பற்றரியும் ஒன்றல்ல. வெளியே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஸ்ராட்டர் சுழலும்போது அளக்கவேண்டும். அப்போது 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பற்றரியைச் சந்தேகிக்கலாம். என்னுடையது 10.4இல் நின்றது. ஆகவே பற்றரியில் குற்றமில்லை.

இரண்டாவது, எர்த். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்றுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ மின்சாரம் தடைப்படுகிறது. எனக்கு 0.9 காட்டியது. எஞ்சினில் இருந்து சட்டகத்துக்குப் போகும் எர்த் பட்டியைக் கழற்றினேன். அடியில் பச்சைக் களிம்பு. கரையோர உப்புக்காற்றின் வேலை. மண்தாளால் உரஞ்சி, கிறீஸ் பூசி இறுக்கியதும் 0.15 ஆனது. 'டிக்' சத்தத்தின் காரணம் இதுதான். செலவு எதுவுமில்லை.

எங்கள் பகுதி வாகனங்களில் இதை விசேடமாகப் பார்க்கவேண்டும். 2009க்குப் பிறகு வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் நின்ற வாகனங்களைக் கண்டவர்கள் நாங்கள். அவற்றிலிருந்து கழற்றிய வயர்களும் பாகங்களும் பல வாகனங்களில் சேர்ந்திருக்கின்றன. முறுக்கி ரேப் சுற்றிய ஒவ்வோர் இணைப்பும் ஒரு சந்தேகத்துக்குரிய இடம். இன்னொன்று, எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பியையோ பெரிய பியூஸையோ போடாதீர்கள். பியூஸ் காப்பாற்ற நினைப்பது வயரை. பிறகு எரிவது வாகனமாக இருக்கும்.

மூன்றாவது, சார்ஜிங். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டவேண்டும். எனக்கு 12.9. லைற் போட்டால் 12.4க்கு இறங்கியது. ஒல்ரனேற்றர் வேலை செய்யவில்லை. அதை அப்போதே கழற்றக் கை துடித்தது. ஆனால் அடுத்த பழுதையும் அளந்துவிட்டுத் தீர்மானிப்போம் என்று விட்டேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பச்சை விளக்கு சொல்வது என்ன?

இந்த ரக பஜிரோவில் நான்கு நிலைகள் உண்டு. 2எச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும். 4எச் என்றால் நான்கும் இழுக்கும், தார் வீதியிலும் பயன்படுத்தலாம். 4எச்எல்சியில் நடு டிபரன்ஷியல் பூட்டப்படும். 4எல்எல்சி அதே பூட்டுடன் மிக மெதுவான, பலமான கியர். பூட்டிய இரண்டையும் காய்ந்த தார் வீதியில் ஓட்டக்கூடாது. முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கிப் பாகங்கள் உடையும்.

கியரை மாற்றியதும் ட்ரான்ஸ்பர் பெட்டி முன்பக்கச் சாவ்ற்றை இணைக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. முன் அச்சிலே பிரிந்திருக்கும் ஒரு துண்டும் சேரவேண்டும். அதைச் சேர்ப்பது காற்று உறிஞ்சல், அதாவது வக்கியூம். மின்காந்த வால்வுகள் இரண்டு றபர் குழாய்களில் அந்த உறிஞ்சலைத் திறந்துவிட, அச்சில் உள்ள டயபிரம் தண்டை இழுக்கும். சேர்ந்துவிட்டது என்று அங்குள்ள சுவிற்ச் சொன்ன பிறகே விளக்கு நிலைத்து எரியும். சில விநாடி மினுங்குவது சாதாரணம். நேராகச் சில மீற்றர் மெதுவாக ஓட்டினால் பற்கள் பொருந்தும். தொடர்ந்து மினுங்கினால், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. எந்தக் கண்ணி என்று விளக்கு சொல்லாது. ட்ரான்ஸ்பர் பெட்டி என்று அது ஒருநாளும் சொல்வதில்லை.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, 2எச்சில் விட்டு, கீழே படுத்து முன்பக்கச் சாவ்ற்றைக் கையால் திருப்பினேன். திரும்பியது. அதாவது அச்சு பிரிந்திருக்கிறது. பிறகு டயபிரத்தின் இரண்டு குழாய்களையும் கழற்றி, நண்பர் ஒருவரிடம் வாங்கிய கைப் பம்பினால் சேர்க்கும் பக்கத்தில் காற்றை உறிஞ்சினேன். சாவ்ற்றை மெல்ல அசைத்ததும் பற்கள் விழுந்து பூட்டிக்கொண்டன. திறப்பைப் போட்டுப் பார்த்தேன், சுவிற்ச்சும் மின்சாரத்தைக் கடத்தியது. டயபிரம் நல்லது. அச்சு நல்லது. சுவிற்ச் நல்லது. உறிஞ்சல்தான் வந்துசேரவில்லை.

வால்வுகளுக்குப் போகும் குழாய் வெப்பத்தில் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு முழம் புதுக் குழாய் போட்டேன். விளக்கு நிலைத்தது, ஆனால் மிகத் தாமதமாக. அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சில மாதங்களாகவே பிறேக் மிதி கல்லுப்போல இருந்தது. வயதான வாகனம்தானே என்று விட்டிருந்தேன். பிறேக்கை இலேசாக்குவதும் அதே வக்கியூம்தான்.

ஒரே வேர்

பெற்றோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போதே உறிஞ்சல் கிடைத்துவிடும். டீசலுக்கு அதற்கெனத் தனிப் பம் வேண்டும். 4டி56இல் அந்தப் பம் ஒல்ரனேற்றரின் பின்புறத்தில், அதே தண்டில் சுழல்கிறது. எஞ்சின் ஒயில் அதற்குள் ஓடுகிறது. இடையிலுள்ள சீல் தேய்ந்தால் ஒயில் ஒல்ரனேற்றருக்குள் கசியும், பிரஷ்களை நனைக்கும், சார்ஜ் குறையும். பம்மும் தேய்ந்திருந்தால் உறிஞ்சல் குறையும், பிறேக் இறுகும், முன் அச்சு சேராது.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே முழுக்க ஒயில். மங்கிய லைற்றும், மினுங்கிய பச்சை விளக்கும், இறுகிய பிறேக்கும் மூன்று நோய்கள் அல்ல. ஒரு நோயின் மூன்று குணங்குறிகள். ட்ரான்ஸ்பர் பெட்டியையும் பற்றரியையும் மாற்றியிருந்தால் மூன்று இலட்சமும் போயிருக்கும், அந்தப் பிறேக்கோடுதான் அடுத்த நோயாளியையும் ஏற்றியிருப்பேன். சீல், பிரஷ், பம்மின் தகடுகள், குழாய் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகையின் நாலில் ஒரு பங்கும் வரவில்லை.

பிறேக்கை நீங்களும் இன்றே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, மிதி இறுகும் வரை ஐந்தாறு தடவை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்ராட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் வக்கியூம் பக்கத்தைப் பாருங்கள். அதுவரை அந்த வாகனத்தில் ஆட்களை ஏற்றாதீர்கள்.

இப்போது டாஷ்போட் பெட்டிக்குள் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதி பிறந்ததும், மழைக்கு முன்னர், பற்றரி, எர்த், சார்ஜ் மூன்றையும் அளந்து திகதியோடு எழுதுவேன். குழாய்களை விரலால் மடித்துப் பார்ப்பேன். மணலில் ஒருமுறை 4எச் போட்டு விளக்கு நிலைக்கிறதா என்று பார்ப்பேன். அரைநாள் வேலை.

அந்தப் பிள்ளையின் தாய் போன கிழமை பேரனோடு வந்தார். தடுப்பூசிக்குப் போகவேண்டுமாம். ஜீப்பைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப இது நிக்காதெல்லோ?" என்று கேட்டார். கொப்பியை எடுத்துக் காட்டினேன். அவருக்கு அந்த எண்கள் விளங்கவில்லை. ஆனாலும் ஏறி முன் சீற்றில் அமர்ந்தார்.